மெங்குடு போத்தலுக்குள் புகுந்த வரலாறு



தொண்ணூறுகளின் இறுதியிலும் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலும் மலேசியாவில் வாழ்ந்தோர்க்கு ‘நோனி’ என்னும் சொல் புதிதன்று. திருமண வீடாயினும் கோயில் திருவிழாவாயினும் யாரேனும் ஒருவர் கையில் விளம்பரத் தாளோடு நம்மை அணுகுவார். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மூட்டு வலி, ஆஸ்துமா, புற்றுநோய் என ஒரு நீண்ட பட்டியலைப் படிப்பார். இத்தனைக்கும் ஒரே மருந்து இந்தப் பழச்சாறு என்பார். இறுதியில், “தஹித்தித் தீவு மக்கள் ஈராயிரம் ஆண்டுகளாகக் குடித்து வருகிறார்கள்” என்று முத்தாய்ப்பு வைப்பார்.

அந்த ஆரவாரம் இன்று பெருமளவு அடங்கிவிட்டது. ஆயினும் அதன் வடிவம் அழியவில்லை. மங்குஸ்தான் சாறு வந்தது, அசாயி வந்தது, முள்சீத்தா கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு ஆற்றல் உடையது என்ற செய்தி கைப்பேசிகளில் சுற்றியது. பழம் மாறுகிறது, கதை மாறுவதில்லை. ஆகவே, நோனியின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது மற்றவற்றையும் எடைபோட உதவும். ‘ஈராயிரம் ஆண்டுப் பழமை’ என்னும் அந்த ஒரு கூற்று எத்தகையது என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி.

மரமும் அதன் பெயர்களும்

நோனி என்பது ஹவாய் மொழிச் சொல். அயல்நாட்டு அதிசயப் பழம் என்று விற்கப்பட்ட அந்தப் பழத்தின் மரம் நம் நாட்டுக் கம்பங்களில் வேலியோரம் தானாக வளர்ந்து நிற்கும் மெங்குடு மரமே ஆகும். விளம்பரத் தாளைக் கையில் வைத்திருந்தவர்களுள் எத்தனை பேர் தம் வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்தை அதனோடு பொருத்திப் பார்த்தனர் என்பது ஐயமே.

இதன் தாவரவியல் பெயர் மொரிண்டா சிட்ரிஃபோலியா. 1753-இல் லின்னேயஸ் இப்பெயரை இட்டார். மோரஸ் என்பது முசுக்கட்டை மரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். அதனோடு இந்தியாவைக் குறிக்கும் சொல் சேர்ந்து மொரிண்டா ஆயிற்று. சிட்ரிஃபோலியா என்றால் எலுமிச்சை இனத்து இலையைப் போன்ற இலையுடையது என்று பொருள். அதற்கு முன்னரே, அம்போன் தீவில் வாழ்ந்த ரம்ஃபியஸ் என்னும் தாவர ஆய்வாளர் இம்மரத்தைப் ‘பங்குடுஸ்’ என்று தம் நூலில் பதிவு செய்திருந்தார். நம் காதில் அது மெங்குடு என்றே ஒலிக்கும்.

காப்பிச் செடி சேர்ந்துள்ள தாவரக் குடும்பமே இதற்கும் உரியது. பல பூக்களின் சூலகங்கள் ஒன்றாக இணைந்து ஒரே கனியாக உருவாவதால், பலாப்பழத்தைப் போல இதுவும் ஒரு கூட்டுக்கனி. பழுத்தால் வெளிறி, மென்மையாகி, மூக்கைப் பொத்தச் செய்யும் நாற்றத்தைப் பரப்பும். ஆக்டனோயிக், ஹெக்ஸனோயிக் என்னும் கொழுப்பு அமிலங்களே அந்நாற்றத்திற்குக் காரணம். ஆட்டுப்பாலில் செய்யும் பாலாடைக்கட்டியின் வாடைக்கும் இவையே காரணம்.

தமிழர்க்கும் இம்மரக் குடும்பம் அயலன்று. தமிழகத்து வறண்ட நிலங்களில் காணும் நுணா, அதாவது மஞ்சணத்தி, இதே மொரிண்டா பேரினத்தைச் சேர்ந்த உடன்பிறப்பு. சங்கப் பாடல்களில் நுணவம் என்ற பெயரால் சுட்டப்படுவது நுணாவே. ஆனால், நுணாவும் மெங்குடுவும் நெருங்கிய உறவினவேயன்றி ஒரே இனமல்ல. நோனியைச் சித்த மருத்துவ நூல்கள் போற்றியுள்ளன என்று சில விற்பனையாளர்கள் கூறியபோது இவ்வேறுபாடு வசதியாக மறைக்கப்பட்டது.

முன்னோர் பயன்படுத்தியது எதனை?

இப்பொழுது அந்த ஈராயிரம் ஆண்டுக் கணக்கிற்கு வருவோம்.

பசிபிக் பெருங்கடலின் மேற்கே உள்ள சாமோவா, தோங்கா தீவுகளில் மனிதர் குடியேறி ஏறத்தாழ 2,800 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால், கிழக்கே தொலைவில் உள்ள தஹித்தி, ஹவாய்த் தீவுகளில் குடியேற்றம் நிகழ்ந்து ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளே ஆகின்றன என்பது இன்றைய தொல்லியலாளரின் பரவலான கருத்து. தென்கிழக்காசியப் பகுதியிலிருந்து கிளம்பிய மக்கள் வழிவழியாகத் தம் படகுகளில் சேம்பு, வாழை, கரும்பு, ஈரப்பலா போன்ற பயிர்களை ஏற்றிச் சென்றனர். அவற்றோடு நோனியும் சென்றது. மனிதரே இல்லாத தஹித்தியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நோனிச் சாற்றைக் குடித்தவர் யார்?

ஆண்டுக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். இதனினும் முதன்மையான கேள்வி, அம்மக்கள் மரத்தின் எப்பகுதியை எதற்குப் பயன்படுத்தினர் என்பதாகும். ஹவாயைச் சேர்ந்த இனத்தாவரவியலாளர் வில் மெக்கிளாச்சி 2002-இல் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். வெளியுலகத் தாக்கம் குறைந்த ரொத்தூமா போன்ற தீவுகளின் மரபு மருத்துவத்தை அவர் சான்றாகக் கொண்டார். அங்கெல்லாம் இலை, வேர், பட்டை, பழுக்காத காய் ஆகியனவே பெரிதும் பயன்பட்டன. அவையும் பெரும்பாலும் புண், வீக்கம் போன்றவற்றிற்கு மேற்பூச்சாகவும் பற்றாகவும் பயன்பட்டன. நன்கு கனிந்த, அல்லது அழுகும் நிலையிலுள்ள பழத்தைச் சாறாக்கி நாள்தோறும் குடிக்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் எழுந்த மாற்றம் என்பது அவர் கண்ட முடிவு. பஞ்சக் காலத்தில் பழத்தை உண்டதும் உண்டு. அது பசிக்கு உண்டதேயன்றிப் பிணிக்கு உண்டதன்று.

நம் வட்டாரத்து வழக்கமும் இதனையே காட்டுகிறது. மலாய்க்காரர் மெங்குடுவின் இலையை உலாமாகவும் நாசி கெராபுவில் நறுக்கிக் கலந்தும் உண்பர். சாவகத்தில் அதன் வேர்ப்பட்டையிலிருந்து பாத்தேக் துணிகளுக்குச் சிவப்புச் சாயம் எடுத்தனர். நம் பாட்டிமார் குழந்தைகளின் மாந்தத்திற்கு நுணா இலைச் சாற்றையே நாடினர். இலையும் வேரும் பட்டையும் எங்கும் காணப்படுகின்றன. கனிந்த பழத்தின் சாற்றை அன்றாடம் அருந்தும் வழக்கத்தைத்தான் தேட வேண்டியுள்ளது.

ஆகவே, பழமையானது மரம், புதியது போத்தல். மரத்தின் வயதைப் போத்தலின் வயதாகக் காட்டியதே அவ்விளம்பரங்களின் அடிப்படை உத்தி. வேப்பிலையை அம்மை கண்டவர்க்கு அருகில் வைக்கும் மரபு நமக்கு உண்டு என்பதற்காக, வேப்பம்பழச் சாற்றை ஆண்டு முழுவதும் குடிப்பது நம் மரபு என்று ஒருவர் சொன்னால் ஏற்போமா? மரபு என்பது எப்பகுதி, எவ்வளவு, எந்நோய்க்கு, எத்தனை நாள் என்னும் நான்கும் சேர்ந்தது. அவற்றுள் ஒன்று மாறினாலும் அது வேறு மருந்தாகிவிடும்.

அன்னாசியிலிருந்து நோனிக்கு

பழச்சாற்றுக்கு அறிவியல் மேலங்கி அணிவித்தவர் ரால்ஃப் ஹைனிக்கி என்னும் உயிர்வேதியியலாளர். ஹவாயின் அன்னாசித் தொழிலோடு தொடர்புடையவர். 1957-இல் கோர்ட்னர் என்பவருடன் இணைந்து, அன்னாசித் தண்டில் புரதத்தைச் சிதைக்கும் நொதி மிகுதியாக உள்ளது என்று எழுதினார். புரோமெலைன் எனப்படும் அந்நொதி இன்றும் இறைச்சியை மென்மையாக்கவும் மருந்துகளிலும் பயன்படுகிறது. எனவே அவரைப் போலி அறிஞர் என்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அவருடைய தொடக்கப் பணி உண்மையானது.

சிக்கல் பின்னர் தோன்றியது. 1985-இல் பசிபிக் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் வெளியீடு ஒன்றில் அவர் நோனியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நோனியில் புரோசெரோனின் என்னும் பொருள் உள்ளது என்றும், அது உடலுக்குள் சென்று செரோனின் என்னும் பொருளாக மாறுகிறது என்றும், அந்தச் செரோனின் உடலின் புரதங்களைச் சீர்செய்து பற்பல நோய்களைத் தணிக்கிறது என்றும் கூறினார். அவர் அடுக்கிய நோய்களின் பட்டியல் நீண்டது.

ஒரு புதிய பொருளைக் கண்டறிந்ததாகக் கூறும் வேதியியலாளரிடம் உலகம் கேட்பது இரண்டே கேள்விகள். அதன் மூலக்கூறு அமைப்பு யாது? மற்றோர் ஆய்வுக்கூடத்தில் அதனைப் பிரித்தெடுக்க இயலுமா? செரோனினுக்கு அத்தகைய மூலக்கூறு அமைப்பு ஆய்வாளர்கள் சரிபார்க்கும் இதழ்களில் நிறுவப்படவே இல்லை. நோனிப் பழத்தை ஆராய்ந்த வேதியியலாளர்கள் ஸ்கோபொலெட்டின், ருட்டின், இரிடாய்டுகள், வைட்டமின் சி எனப் பல பொருள்களைப் பட்டியலிட்டுள்ளனர். அவற்றிடையே செரோனின் இடம்பெறவில்லை.

ஆயினும், விளம்பரத் தாள்களில் செரோனின் நிலைபெற்ற உண்மையாகவே வாழ்ந்தது. பெயரைக் கேட்டதும் ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கி நினைவுக்கு வருகிறது. மேற்கொண்டு கேள்வி கேட்க நா எழுவதில்லை. ஒரு துறையில் உண்மையான புகழ் பெற்றவர் மற்றொன்றைக் கூறும்போது, முந்தைய புகழ் பிந்தைய கூற்றுக்கும் பிணை நிற்பதுபோல் தோன்றிவிடுகிறது. வள்ளுவர் யார்வாய்க் கேட்பினும் மெய்ப்பொருள் காணச் சொன்னதை நாம் வகுப்பில் மனனம் செய்விக்கிறோம். ‘யார்வாய்’ என்பதில் புகழ்பெற்றவர் வாயும் அடங்கும் அன்றோ?

போத்தலும் சங்கிலியும்

1996-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மொரிண்டா என்னும் நிறுவனம் ‘தஹித்தியன் நோனி’ச் சாற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரெஞ்சுப் பொலினீசியாவில் விளைந்த பழத்தின் கூழோடு திராட்சைச் சாறும் நீலநெல்லிச் சாறும் கலக்கப்பட்டன. அந்த நாற்றத்தை நினைத்தால் இக்கலவையின் தேவை விளங்கும்.

விற்ற முறைதான் இவ்வரலாற்றின் முக்கியமான கூறு. கடைத்தட்டில் வைத்து விற்காமல், ஆள் பிடித்து ஆள் விற்கும் பல்நிலை நேரடி விற்பனை முறையை அது கையாண்டது. இம்முறையில் ஒவ்வொரு வாங்குபவரும் விற்பவராகிறார். விற்பவர் நம் உறவினர், நண்பர், அண்டை வீட்டார். போத்தலின் மேல் எழுதப்படாதவற்றை அவர் வாய்ச்சொல்லாகக் கூறுவார். “என் மாமனாருக்கு இனிப்பு நீர் குறைந்தது” என்று அவர் சொல்லும்போது, மறுத்துப் பேசுவது உறவையே மறுப்பதாகிவிடும். அச்சிட்ட பொய்யைச் சட்டம் பிடிக்கும். அன்போடு சொல்லப்படும் மிகையை யார் பிடிப்பது? அவரும் நம்மை ஏமாற்ற எண்ணியவர் அல்லர். அவரே நம்பிப் பணம் கட்டியவர்.

அமெரிக்காவிலேயே இதற்கு விரைவில் எதிர்ப்பு எழுந்தது. அரிசோனா, கலிபோர்னியா, நியூ ஜெர்சி, டெக்சாஸ் ஆகிய நான்கு மாநிலங்களின் தலைமைச் சட்ட அதிகாரிகள் அந்நிறுவனத்தின் நோய் தீர்க்கும் கூற்றுகளைக் கேள்விக்குள்ளாக்கினர். 1998-இல் உடன்பாடு ஏற்பட்டது. அறிவியல் சான்று இல்லாமல் நோயைக் குணப்படுத்தும், தடுக்கும் என்று கூறுவதில்லை என நிறுவனம் ஒப்புக்கொண்டு, 100,000 அமெரிக்க வெள்ளியும் செலுத்தியது.

ஆண்டைக் கவனியுங்கள். நம் நாட்டில் நோனியின் ஆரவாரம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்னரே, அது பிறந்த நாட்டில் இவ்வுடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. போத்தல் கடல் கடந்து வந்தது. உடன்பாட்டுச் செய்தி வரவில்லை.

பின்னாளில், 2018-இல், அந்நிறுவனத்தை நியூ ஏஜ் என்னும் மற்றொரு பானக் குழுமம் வாங்கியது. 2022-இல் அக்குழுமமே கடன் சுமையால் நொடிப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

ஐரோப்பா கேட்ட கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வேடிக்கையான சூழல் உருவானது. 1997 மே 15-க்கு முன் ஐரோப்பாவில் குறிப்பிடத்தக்க அளவில் உண்ணப்படாத உணவை விற்க வேண்டுமாயின், அது ‘புதிய உணவு’ என்று கருதப்பட்டு முன் அனுமதி பெற வேண்டும். ஈராயிரம் ஆண்டுப் பழமை பேசிய சாறு, ஐரோப்பாவில் ‘புதிய உணவு’ என்று விண்ணப்பித்து வரிசையில் நின்றது.

2002 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுக்கான அறிவியல் குழு தன் கருத்தை வெளியிட்டது. நாளொன்றுக்கு 30 மில்லிலிட்டர் என்னும் அளவில் அச்சாறு ஏற்கத்தக்கது என்று அது கூறியது. அதே கருத்துரையில், மற்றப் பழச்சாறுகளைக் காட்டிலும் நோனிச் சாற்றுக்குச் சிறப்பான நலப்பயன் இருப்பதாக அளிக்கப்பட்ட தகவல்கள் காட்டவில்லை என்றும் தெளிவுபடுத்தியது. 2003 ஜூனில் விற்பனை அனுமதி கிடைத்தது. விற்பனையாளர் பலர், “ஐரோப்பாவே அங்கீகரித்துவிட்டது” என்று முதற்பாதியை மட்டும் எடுத்துச் சொன்னார்கள். பாதுகாப்பானது என்பது வேறு. பயனுடையது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்குவதே இத்தகைய வணிகத்தின் பழைய தந்திரம்.

2005-இல் நிலைமை மறுபக்கம் சாய்ந்தது. நோனிச் சாறு அருந்தியவர்களிடையே கல்லீரல் பாதிப்பு காணப்பட்டதாக ஆஸ்திரிய மருத்துவர்கள் அறிவித்தனர். அவர்களுள் 29 வயது இளைஞர் ஒருவர் மூன்று வாரங்களில் ஒன்றரை லிட்டர் சாறு குடித்திருந்தார். அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே தேவைப்பட்டது. இரண்டு லிட்டரை மூன்று மாதங்களுக்கு மேலாகக் குடித்த 62 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஏற்பட்ட கல்லீரல் அழற்சி தானே தணிந்தது.

இச்செய்தி பரவியதும், அமுதம் என்றவர்கள் வாயடைக்க, நஞ்சு என்றவர்கள் குரலெழுப்பினர். ஆனால், அந்த இளைஞருக்கு முன்னரே பாராசிட்டமால் தொடர்பான கல்லீரல் அழற்சி ஏற்பட்டிருந்தது என்பதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருந்தனர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இவற்றை ஆராய்ந்தது. மெங்குடுவின் வேரில் உள்ள ஆந்த்ரகுவினோன் என்னும் பொருள்கள் கல்லீரலைத் தாக்கக்கூடியவை என்னும் ஐயமும் எழுப்பப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் சீர்தூக்கி, மக்கள் அருந்தும் அளவில் நோனிச் சாறு கல்லீரலைப் பாதிக்கும் என்பது நிகழக்கூடியதாகத் தோன்றவில்லை என்று 2006-இல் ஆணையம் முடிவு கூறியது.

இங்கே நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. “என் மாமனார் குடித்தார், நோய் தீர்ந்தது” என்பது சான்றாகாது என்றால், “ஒருவர் குடித்தார், கல்லீரல் கெட்டது” என்பதும் தனித்து நின்று முடிவான சான்றாகாது. அளவுகோல் இரு பக்கத்துக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். எனினும், முன்னரே கல்லீரல் நோய் உடையவர் மருத்துவரைக் கேளாமல் இதனை அருந்தாதிருப்பதே அறிவுடைமை.

புற்றுநோய்க்கு மருந்தா?

நோனிக்காகக் கூறப்பட்டவற்றுள் மிகப் பெரிய கூற்று புற்றுநோயைப் பற்றியதே. இதன் வேர் எங்குள்ளது? ஹவாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் குழு ஒன்று, நுரையீரல் புற்றுநோய் ஏற்றப்பட்ட எலிகளுக்கு நோனிச் சாற்றை அளித்தபோது அவற்றின் வாழ்நாள் கூடியதாக 1994-இல் எழுதியது. ஆனால், எலிகள் அதனைக் குடிக்கவில்லை. சாறு ஊசி வழியே வயிற்றறைக்குள் செலுத்தப்பட்டது. மேசைக் கரண்டியால் அருந்தும் மனிதருக்கும் இவ்வெலிகளுக்கும் இடையே நெடுந்தொலைவு உள்ளது.

அத்தொலைவைக் கடக்க முயன்ற ஆய்வும் ஒன்று உண்டு. அதே பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆய்வு மையம், முற்றிய புற்றுநோயாளிகளிடம் முதற்கட்ட ஆய்வை நடத்தி 2009-இல் முடிவை வெளியிட்டது. 51 நோயாளிகள் ஏழு வெவ்வேறு அளவுகளில் நோனிப் பழத்தூள் குளிகைகளை உட்கொண்டனர். நாளொன்றுக்கு 2 கிராமில் தொடங்கிப் படிப்படியாக அளவு உயர்த்தப்பட்டது. 14 கிராம் என்ற அளவை எட்டியபோது எட்டுப் பேரில் நான்கு பேர் விலகிக்கொண்டனர். நச்சுத்தன்மை அதற்குக் காரணமன்று. அத்தனை குளிகைகளை விழுங்க இயலாமையே காரணம். இடைப்பட்ட அளவுகளை உட்கொண்டோர் உடல் இயக்கம், வலி, களைப்பு ஆகியவற்றில் ஓரளவு நலமாக இருந்ததாகக் கூறினர். அளவைத் தேர்ந்தெடுப்பதே இவ்வாய்வின் நோக்கம். நோயைத் தீர்க்குமா என்னும் கேள்வி அடுத்த கட்டத்திற்கு உரியது. புற்றுநோய் தீரும் என்று இவ்வாய்வு கூறவில்லை.

நடுநிலைக்காக மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 132 கடும் புகைப்பிடிப்பாளர்களிடம் ஒரு மாதம் நோனிச் சாற்றைச் சோதித்து, கொழுப்பின் அளவு குறைந்ததாகக் கூறியது. ஆய்வாளர்களுள் சிலர் அச்சாற்றை விற்கும் நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். அதனாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால், நிறுவனத்தோடு தொடர்பில்லாத பிறரும் செய்து பார்த்து அதே முடிவைப் பெறும்வரை, அதனை ஒரு தொடக்கக் குறிப்பாகவே கொள்ள வேண்டும்.

சிறுநீரகமும் ஒரு சிறு கணக்கும்

நம் சமூகத்துக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். மலேசியாவில் இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட மிகுதி என்பதைத் தேசிய நல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. நீரிழிவு நெடுநாள் நீடித்தால் சிறுநீரகம் பழுதுறும். டயாலிசிஸ் நிலையங்களில் நம்மவர் வரிசையாக அமர்ந்திருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் பகையாகும். வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்திலேயே தங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகலாம். 2000-ஆம் ஆண்டு அமெரிக்கச் சிறுநீரகவியல் இதழ் ஒன்றில் ஒரு நோயாளியைப் பற்றிய செய்தி வெளிவந்தது. அவர் பொட்டாசியம் குறைந்த உணவையே உண்பதாகக் கூறினார். ஆயினும் இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்தே இருந்தது. துருவிக் கேட்டபோதுதான் அவர் நோனிச் சாறு அருந்துவது தெரியவந்தது. சாற்றைச் சோதித்தபோது ஒரு லிட்டரில் 56.3 மில்லி ஈக்குவலண்ட் பொட்டாசியம் இருந்தது. ஆரஞ்சு, தக்காளிச் சாறுகளில் உள்ள அளவுக்கு இது நிகரானது.

இதனை மேல்நிலை மாணவர்களோடு கணக்கிட்டுப் பார்க்கலாம். பொட்டாசியத்தின் அணுநிறை ஏறத்தாழ 39. எனவே 56.3-ஐ 39-ஆல் பெருக்கினால் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 2,200 மில்லிகிராம். 30 மில்லிலிட்டரில் 66 மில்லிகிராம். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் உண்டு. ஆகவே, நலமான ஒருவர் நாளுக்கு ஒரு சிறு அளவு குடிப்பதால் தீங்கேதும் நேர்ந்துவிடாது. ஆனால், “எவ்வளவு குடிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது” என்னும் அறிவுரையைக் கேட்டு ஒருவர் நாள்தோறும் அரை லிட்டர் குடித்தால் 1,100 மில்லிகிராம் ஆகிறது. இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. இரண்டும் தளர்ந்த சிறுநீரகத்தில் சந்தித்தால் என்னாகும்?

நானறிந்த ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் ஒருவர், ஒரு விற்பனையாளர் சொல்லைக் கேட்டு, அரசாங்க கிளினிக்கில் கொடுத்த நீரிழிவு மாத்திரைகளைச் சில மாதங்கள் நிறுத்திவிட்டு ஒரு பழச்சாற்றையே நம்பியிருந்தார். ஓய்வூதியத்தில் பெரும் பங்கு போத்தலுக்குச் சென்றது. காலில் புண் ஆறாமல் போன பின்னரே அவர் மகள் விவரம் அறிந்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இரு விரல்களை இழந்தார். சாறு அவருக்கு நேரடியாக எத்தீங்கும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சாற்றின் பெயரால் அவர் கைவிட்ட மாத்திரைதான் அவரைக் கைவிட்டது. நோனி பற்றிய விவாதங்களில் “குடித்தால் என்ன கெடுதல்?” என்று கேட்போர்க்கு இதுவே என் விடை.

நம் நாட்டுச் சட்டம் கூறுவது

மலேசியாவில் 1956-ஆம் ஆண்டு மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டம் இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், இரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா, காசநோய் உள்ளிட்ட 20 நோய்நிலைகளைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு எப்பொருளையும் விளம்பரம் செய்யலாகாது. நேரடி விற்பனையை நெறிப்படுத்த 1993-இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

அந்த 20 நோய்களின் பட்டியலும் நோனி விளம்பரத் தாளின் பட்டியலும் பெருமளவு ஒன்றாகவே இருப்பது தற்செயலன்று. முற்றிலும் தீராத, நாள்பட்ட, அச்சமூட்டும் நோய்களே இத்தகைய வணிகத்தின் விளைநிலம். சட்டம் இயற்றியவர்களும் அதனை உணர்ந்தே பட்டியலிட்டனர். நோய்ப் பெயரோடு விற்க வரும் எவரிடமும் இச்சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்குண்டு.

வகுப்பறைக்கு ஒரு சொல்

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஏதேனும் ஓர் உடல்நல விளம்பரத்தைக் கொடுத்து நான்கு கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். இதனைச் சொல்பவர் யார். விற்றால் அவருக்கு என்ன கிடைக்கும்? சோதித்தது யாரிடம்: மனிதரிடமா, எலியிடமா, குடுவையிலா? முன்னோர் பயன்படுத்தினர் என்றால் எப்பகுதியை, எதற்கு? இதற்காக நாம் எதனை நிறுத்த வேண்டும் என்கிறார்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இக்கேள்விகள் கடினமானவை அல்ல. பிள்ளை வீட்டில் இதனைக் கேட்கும்போது தாத்தாவும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்.

பெற்றோர்களே, வீட்டிலுள்ள முதியவர் என்ன மாத்திரை உண்கிறார் என்பதோடு, என்ன சாறு குடிக்கிறார் என்பதையும் கேளுங்கள். அதனை மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கடிந்து கேட்டால் போத்தல் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அன்பாகக் கேட்டால் மேசைக்கு வரும்.

மெங்குடு மரத்தின் மீது எனக்கு எக்குறையும் இல்லை. நிழல் தருகிறது, உலாமுக்கு இலை தருகிறது, ஒரு காலத்தில் துணிகளுக்குச் செந்நிறம் தந்தது. இத்தனை நூற்றாண்டுகளாக அம்மரம் தன்னைப் பற்றி எதனையும் மிகைப்படுத்திச் சொன்னதில்லை.